அதுக்கு முன்னாடி

இரண்டாம் பீரியடு தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சத்துணவு ஆயா பேச்சியம்மா ஒண்ணாம் வகுப்பு வாசலில் வந்து நின்று, "டீச்சர், சாத்தூர்ல இருந்து உங்க தங்கச்சி வந்திருக்காக. ஹெச்.எம். ரூம்ல உக்கார வச்சிருக்கு. கையில தாம்பாளம் இருக்கு" என்று சொன்னபோது செண்பகவல்லி டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பீரியடு முடியட்டும்" என்றாள். பேச்சியம்மா போகாமல் நின்றாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் பேச்சியம்மாவுக்குத் தெரியாத குடும்பக் கதை கிடையாது. "பாவம், வெயில்ல வந்திருக்காக" என்று இழுத்தாள். "அப்ப ஒரு டம்ளர் தண்ணி குடு. பாடத்தை நடுவுல விட்டுட்டு வரச் சொல்லுதியா?" என்றதும் அவள் போய்விட்டாள். பெல் அடிக்க இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் கிடக்கிறது. கிடக்கட்டும். ஆறு வருஷம் எட்டிப் பார்க்காதவளுக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஒரு கணக்கா? அந்த அறையில் ஃபேன் கடகடவென்று சத்தம் போடும், காற்று மட்டும் வராது. ஹெச்.எம். ஞானதிரவியம் சார் பேப்பர் படிக்கிற பாவனையில் ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பார், இதுதானா அந்தத் தங்கச்சி, பெத்த அப்பன் செத்ததுக்கு வராதவ என்று நினைப்பார், நினைக்கட்டுமே, நன்றாக நினைக்கட்டும். செண்பகவல்லி மேஜையிலிருந்து அட்டைக் கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினாள். அவசரமே படவில்லை. அவளுக்கு எதற்கு அவசரம், தப்புச் செய்தவளுக்கல்லவா அவசரம்.

தாம்பாளத்தில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள். வெற்றிலை பாக்கு, ரெண்டு சீப்புப் பழம், பூ, நாலு மூலையிலும் மஞ்சள் தடவின பத்திரிகை. கோமதியின் மகள் மோனிஷாவுக்கு ஆவணியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு, அந்த ரெண்டும் வைத்த பிறகுதான் ஊருக்கு. கோமதிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அப்பா பரமசிவம் வாத்தியார் பெற்றது ரெண்டும் பெண். அவரும் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்த வீடு என்று இருப்பது அவர் வீட்டிலேயே குடியிருக்கிற இந்த அக்கா ஒருத்திதான். ஆக, செண்பகவல்லி கைநீட்டி வாங்கினால்தான் மற்றப் பத்திரிகைகள் பையை விட்டு வெளியே வரும். அதிலும் நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது, ஆடியில் தொடங்கக்கூடாது, முதல் பத்திரிகையை ஆனியிலேயே வைத்துவிட்டால் மற்றதை எப்போது வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு விட்டால் நாளைக்கு, நாளைக்கும் விட்டால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள், பெண்ணைப் பெற்றவளுக்குப் பிறந்த வீடே இல்லையா என்று. கேட்கட்டும். வாங்கப் போவதில்லை என்று செண்பகவல்லி போன மாசமே முடிவு கட்டியாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை கோமதி வீட்டுக்கு வருகிறாள் என்று வீட்டுக்காரர் வாய்தவறிச் சொன்ன அரைமணி நேரத்தில், வீட்டைப் பூட்டிவிட்டு அவரையும் இழுத்துக்கொண்டு கழுகுமலைக்குப் போய், மலையைச் சுற்றி நடந்து, சாயங்காலம்தான் திரும்பினாள். கால் வலிதான் மிச்சம், ஆனாலும் ஒரு திருப்தி. வீட்டுக்கு வந்தால் பூட்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்தால் பெல். அவளுக்கா வழி தெரியாது?

"எல்லாரும் வட்டமா உக்காருங்க. இன்னிக்கு என்ன? எது முதல்ல, எது அப்புறம், எது கடைசி." முப்பத்திரண்டு பிள்ளைகளும் தரையில் வட்டமாக உட்கார்வதற்குள் மூன்று பேர் அழுது, ரெண்டு பேர் ஒண்ணுக்குப் போகக் கேட்டாயிற்று. அட்டைகள் எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகள். நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை, அதில் ஸ்கெட்ச் பேனாவால் அவளே வரைந்தது, முன்பக்கம் யார் யாரோ திருநிறைச்செல்வியும் திருநிறைச்செல்வனும். இருபத்துநாலு வருஷச் சர்வீஸில் அவள் வாங்கின பத்திரிகை அத்தனையும் பிள்ளைகளுக்குத்தான் போயிருக்கிறது. இந்த மோனிஷா பத்திரிகையும் நல்ல அட்டையாகத்தான் இருக்கும், கோமதி அதிலெல்லாம் குறை வைக்கமாட்டாள். சீ, அந்த நினைப்பு எதற்கு. முன்னும் பின்னும் என்பதைச் சின்னப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றுவது லேசுப்பட்ட காரியம் என்று மேல்வகுப்பு வாத்தியார்கள் நினைக்கிறார்கள். வந்து நின்று பார்க்கட்டும் ஒருநாள், தெரியும். இந்த வயசுக்கு நடந்து முடிந்ததெல்லாம் நேத்து, நடக்கப் போவதெல்லாம் நாளைக்கு. போன பங்குனித் தேரும் நேத்துதான், தம்பிப் பாப்பா பிறந்ததும் நேத்துதான், இன்று காலையில் தின்ற தோசையும் நேத்துதான். எல்லாம் ஒரே மூட்டையில் கிடக்கும், கையை விட்டால் எது அகப்படுகிறதோ அது. அதை அவிழ்த்து, வரிசையாக எடுத்து வைக்கப் பழக்கவேண்டும். அது பழகாத பிள்ளைக்குக் கதை வராது, கணக்கும் வராது. போன வாரம் பார்வைக்கு வந்த அதிகாரியம்மா, "எப்படி டீச்சர் உங்க பிள்ளைங்க மட்டும் இவ்வளவு தெளிவாச் சொல்றாங்க?" என்று கேட்டார்களே! அவர்கள் முன்னால் அடக்கமாகச் சிரித்து வைத்தாள், உள்ளுக்குள்ளே, இது என்னம்மா, இன்னும் பாருங்க என்று இருந்தது.

பால் டம்ளர் அட்டை நாலு. நிறைந்த டம்ளர், பாதி டம்ளர், காலி டம்ளர், கழுவிக் கவிழ்த்த டம்ளர். சர்வேஷ் காலி டம்ளரைத் தூக்கி முதலில் வைத்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். "ஏன்யா அதை முதல்ல வச்ச?" என்றாள். "டம்ளரு காலியா இருந்தாத்தானே டீச்சர் பால ஊத்த முடியும்?" அட, ராசா! இதற்கு என்ன பதில் சொல்வது? இருபத்துநாலு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை. "நீ சொல்றதும் சரிதான்யா. ஆனா இந்தக் காலி டம்ளரை நல்லா உத்துப் பாரு. உள்ள என்ன தெரியுது?" சர்வேஷ் மூக்கு அட்டையில் முட்டப் பார்த்தான். அடியில் வெள்ளையாக ஒரு கோடு வரைந்திருந்தாள். "பாலு ஒட்டியிருக்கு." "அப்ப இது பால் ஊத்துறதுக்கு முந்தின டம்ளரா, குடிச்சு முடிச்ச டம்ளரா?" "குடிச்சு முடிச்ச டம்ளரு!" அவ்வளவுதான் விஷயம். மனப்பாடம் எல்லாம் வேண்டாம், படத்துக்குள்ளேயே துப்பு இருக்கும், உற்றுப் பார்த்தால் அதுவே சொல்லிவிடும் நான் முந்தியா பிந்தியா என்று. அப்பாகூட அப்படித்தான் சொல்லுவார். அவரும் ஒண்ணாம் வகுப்பு வாத்தியார்தான், முப்பது வருஷம். கடைசி எட்டு மாசம் படுக்கையில் கிடந்தபோது அவருக்கே எல்லாம் நேத்து ஆகிவிட்டது. அம்மா செத்து இருபது வருஷமாகியிருந்தது, அம்மா இப்பத்தான் கடைக்குப் போனா என்பார். குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றியதெல்லாம் செண்பகவல்லி. காலையில் ஒருதரம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒருதரம். அவர் கேட்பதோ, "கோமதி வந்துட்டாளா?" ஈரத் துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டிருப்பாள், "கோமதி வந்துட்டாளா?" அது ஒன்றும் இல்லை, வயசானவர் கேட்பதுதானே. கூடவே இருக்கிறவளை யாராவது கேட்பார்களா, தூரத்தில் இருக்கிறவளைத்தானே கேட்பார்கள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை.

கோமதி விஷயத்தையும் நாலு அட்டையில் அடுக்கிவிடலாம். யார் கேட்டாலும் அப்படித்தான் அடுக்கிக் காட்டியிருக்கிறாள், ஞானதிரவியம் சாருக்கும், பேச்சியம்மாவுக்கும், கல்யாண வீடுகளில் பக்கத்து நாற்காலிக்காரிகளுக்கும். ஒண்ணு, அரைப்பரீட்சை லீவு முடிகிற வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில் அப்பா போய்விட்டார். ரெண்டு, வீட்டுக்காரர் சாத்தூருக்குப் போன் போட்டுத் தகவல் சொன்னார். மூணு, சாயங்காலம் நாலு மணிக்குத் தூக்குகிற வரைக்கும் பார்த்தார்கள், இருபது கிலோமீட்டரில் இருக்கிறவள் வரவில்லை. நாலு, பதினாறாம் நாள், சொந்தபந்தம் எல்லாம் நிறைந்திருந்த கூடத்தில் செண்பகவல்லி சொன்னாள், இனிமே அவ இந்தப் படி ஏறக்கூடாது, எனக்குத் தங்கச்சியே கிடையாது என்று. போனிலும் அவளிடமே சொன்னாள், நீ வராத என்று. முடிந்தது. எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் வைத்தாலும் நிற்கும். ஊரே கோமதியைத்தான் திட்டியது. பெரியப்பா மகன் நேருக்கு நேராகவே கேட்டானாம் அவளை, உனக்கெல்லாம் நெஞ்சு இருக்கா என்று. அவள் பதிலே சொல்லவில்லையாம். என்ன பதில் இருக்கும்? அந்தப் பதில் இல்லாத வாய்தான் இப்போது அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. செண்பகவல்லி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இருபது நிமிஷம். வட்டத்துக்குள் குனிந்து அட்டைகளைக் கலைத்துப் போட்டாள். போனில் சொன்னது பதினாறாம் நாள் காலையிலா, சாயங்காலமா? எதுவாக இருந்தால் என்ன.

அப்போதுதான் வட்டத்தின் அந்தப் பக்கம் ரகளை. "டீச்சர், ஜெஸ்லின் என் தலையில அடிச்சிட்டா!" என்று சர்வேஷ் எழுந்து நின்று வீறிட்டான். ஜெஸ்லின் உட்கார்ந்த இடத்திலேயே உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். மற்ற வகுப்பாக இருந்தால் ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு அதட்டல், கைகட்டி வாயில் விரல் வை, தீர்ந்தது. செண்பகவல்லி அப்படிச் செய்கிறவள் இல்லை. இதற்காகவே மற்ற டீச்சர்கள் அவளுக்கு 'முன்னாடி டீச்சர்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், அவளுக்கும் தெரியும், கேட்டால் சந்தோஷம்தான். பிள்ளைகள் புகார் சொன்னால் எப்போதும் நடுவிலிருந்துதான் தொடங்கும், அடுத்தவன் கை ஓங்கின இடத்திலிருந்து. தன் கை ஓங்கினது அதற்கு முந்தின அட்டை, அதைப் பத்திரமாகக் கால்சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டுதான் வரும். அதை வெளியே எடுக்க ஒரே வழி, கோபிக்காமல் கேட்டுக்கொண்டே போவது. "சரி, ஜெஸ்லின் அடிச்சா. அதுக்கு முன்னாடி?" "அதுக்கு முன்னாடி நான் சும்மாத்தான் டீச்சர் இருந்தேன்." "சும்மா இருக்கும்போது உன் கை எங்க இருந்துச்சு?" சர்வேஷ் கையைப் பார்த்தான். "அவ அட்டையில இருந்துச்சு." "எதுக்கு அங்க போச்சு?" "பிடுங்கினேன்." "அதுக்கு முன்னாடி?" என்று கேட்பதற்குள் ஜெஸ்லின் தானாகவே சொன்னாள், ஒரு தயக்கமும் இல்லாமல், இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்கிற மாதிரி: "நான்தான் டீச்சர் முதல்ல. அவன கிள்ளுனேன்." "எதுக்கும்மா கிள்ளின?" "நீங்க அவன ராசான்னு சொன்னீங்க. என்னய சொல்லல."

வகுப்பு சிரித்தது. செண்பகவல்லியும் சிரித்தாள். வாய்விட்டா சொன்னோம் ராசா என்று? மனசுக்குள் சொன்னதாக அல்லவா நினைத்தாள். "நீயும் ராசாத்திதான்டா, வா" என்று ஜெஸ்லினைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு அட்டைக் கட்டைக் கொடுத்தாள், மாம்பழம், முழுசு, வெட்டினது, கொட்டை. வரிசை முடிந்துவிட்டது, இனி அது ஓடவேண்டியதில்லை, ஆனால் பழக்கம் பாருங்கள், கேள்வி தானாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அதுக்கு முன்னாடி. கோமதி வரவில்லை. அதுக்கு முன்னாடி? வீட்டுக்காரர் போன் போட்டார். அதுக்கு முன்னாடி? அப்பா போனார். அதுக்கு முன்னாடி ஒன்றும் இல்லை, சும்மாத்தான் இருந்தேன். சும்மா இருக்கும்போது உன் கை எங்க இருந்துச்சு? சே, இது என்ன பைத்தியக்காரத்தனம். பதினாறாம் நாள்தான் போனில் சொன்னது, வராத என்று, நன்றாக ஞாபகம் இருக்கிறது, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுத்து வலிக்க வலிக்கச் சொன்னது. எதுக்குத் தோளில் இடுக்கினாய், கையால் பிடிக்கவேண்டியதுதானே? கை சும்மா இல்லை, கை சோறாக இருந்தது. ரசஞ்சோறு. ஈயப் பாத்திரத்தில் ரசஞ்சோற்றைக் கூழாகப் பிசைந்துகொண்டிருந்தாள், போன் நழுவிப் பிடித்ததில் அதன் கண்ணாடி முழுக்க மஞ்சளாகிப்போய், முந்தானையால் துடைத்தும் ரெண்டு நாள் ரசவாடை போகவில்லை. பதினாறாம் நாள் வடை பாயசம், ரசஞ்சோறு ஏது. பல்லில்லாதவருக்குத்தான் அப்படிக் கூழாகப் பிசையவேண்டும். அந்தச் சோறு யாருக்கு? யாருக்கு டீச்சர் அந்தச் சோறு?

அப்பாவுக்கு. அப்படியென்றால் அப்பா உயிரோடு இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மத்தியானம். கட்டிலில் தலையணையில் சாய்த்து உட்காரவைத்திருக்கிறாள், முதல் வாய் ஊட்டினதும் அதை மென்றுகொண்டே கேட்கிறார், "கோமதி வந்துட்டாளா?" அன்றைக்கு அது மூணாந்தடவை. அதே நொடியில் போன், கோமதி. "எக்கா, நாளைக்குக் காலையில வாரேன். ஒரு வாரம் இருந்து அப்பாவைப் பார்த்துக்கிடுதேன், நீ கொஞ்சம் அசந்து தூங்கு." நல்லதாகத்தான் சொன்னாள் பாவி! சொல்லாமல் இருந்திருக்கலாம். எட்டு மாசம் பீ மூத்திரம் அள்ளினவளை ஒரு தடவைகூட செண்பகம் எங்கே என்று கேட்கவில்லை அந்த வாய், நாளைக்கு இவள் வந்து நிற்பாள், அந்த முகம் அப்படியே மலரும், அதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். அவளால் அது முடியாது, வேறு எதுவும் முடியும். "வராத. இத்தனை நாளா நீ வந்து சீராட்டினதெல்லாம் போதும். நீ இந்த வாசல்ல கால் வச்சா நான் அந்த நிமிஷமே இந்த வீட்டை விட்டு வெளிய போயிருவேன், அப்புறம் நீயே அள்ளிக்கோ. வராத." போனை வைத்தாள். அடுத்த வாய் ஊட்டினாள். அப்பா கேட்டார், "கோமதியா? வாராளா?" "வருவா, சாப்பிடுங்க" என்றாள். புதன்கிழமை முழுக்க அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வியாழக்கிழமை போய்விட்டார். இந்த ஒரு அட்டையை அங்கேயிருந்து உருவிக் கொண்டுபோய் பதினாறாம் நாளில் செருகிவிட்டாள். எப்போது செருகினாள், எப்படிச் செருகினாள் என்பது அவளுக்கே தெரியாது, ஆறு வருஷமாக அது அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி இருந்திருக்கிறது. அடிப்பாவி. ஊர் அவளைத் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டிருந்தாயே, பக்கத்து நாற்காலிக்காரிகளுக்கெல்லாம் நீயே எடுத்துக் கொடுத்தாயே, பெற்ற தகப்பனைக்கூட வாசலைப் பார்க்க வைத்துத்தானே அனுப்பினாய். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டீச்சர், மாம்பழம் அடுக்கிட்டேன்" என்றாள் ஜெஸ்லின். "சரியா இருக்குடா" என்றாள், பார்க்காமலே.

பெல் இன்னும் அடிக்கவில்லை. அடிப்பதற்கு ஏழு நிமிஷம். செண்பகவல்லியின் குணம் ஒன்று சொல்லவேண்டும்: ஒன்றைத் தப்பு என்று கண்டுவிட்டால் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளுக்கு வராது, கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டால் டஸ்டர் தேடாமல் உள்ளங்கையாலேயே அழிக்கிறவள். இல்லாவிட்டால் இன்னொரு வழியும் இருந்தது, அதையும் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பெரிய மனுஷியாகப் போய் நின்று, சரி போகட்டும், பழசை மறந்துட்டேன், குடு என்று கையை நீட்டிவிடலாம். ஊரும் மெச்சும், எவ்வளவு பெரிய மனசு செண்பகவல்லிக்கு என்று. தூ! மன்னிக்கிற வேஷம் வேறு போடவேண்டுமா? அடுத்த வகுப்பு மல்லிகா டீச்சரைக் கூப்பிட்டு, "அஞ்சு நிமிஷம் பாத்துக்கோங்க" என்றாள். இருபத்துநாலு வருஷத்தில் பாடத்தை நடுவில் விட்டுவிட்டு அவள் போனது அன்றைக்குத்தான். வராந்தாவில் நடக்கும்போது பயமாகத்தான் இருந்தது. என்ன ஆகும்? அவள் எழுந்து தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், ஞானதிரவியம் சார் முன்னால் காறித் துப்பலாம், ஆறு வருஷத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். கேட்டால் கேட்கட்டும், வாங்கிக்கட்டிக்கொள்வோம். தூணுக்குத் தூண் எட்டு வைத்து நடந்தாள். பேச்சியம்மா சாப்பாட்டுக்கூடத்து வாசலில் முட்டை உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

கோமதி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் தாம்பாளம். முன்தலை பாதி நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் எழுந்தாள், தாம்பாளத்தில் பழச்சீப்பு சரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டே, "எக்கா, மோனிஷாவுக்கு" என்று தொடங்கினாள். "இரு" என்றாள் செண்பகவல்லி. ஞானதிரவியம் சார் பேப்பரை மடித்துவிட்டு எழப் பார்த்தார். "நீங்களும் இருங்க சார். உங்ககிட்டயும் பொய்தான் சொல்லியிருக்கேன். அப்பா சாவுக்கு இவ வரலைன்னு ஊர் பூரா சொன்னேன்ல, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இவள வராதன்னு சொன்னது நான்தான். வந்தா வீட்டை விட்டுப் போயிருவேன்னு சொன்னேன். அதை எங்கேயோ கொண்டுபோய் மறைச்சு வச்சுட்டேன், எனக்கே மறந்துபோச்சு." சொல்லிவிட்டாள். தங்கச்சி பக்கம் திரும்பினாள். "கோமதி, நான்தான் முதல்ல. அப்பா உன்னையே கேட்டுக்கிட்டு இருந்தாரு, எனக்குப் பொறுக்கல. தப்பு என்னோடது."

கோமதி சரிந்த சீப்பை நேராக வைத்தாள். அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை. "தெரியும்க்கா" என்றாள். "எனக்கு மறக்குமா? போன்ல கேட்டது நான்தானே." "அப்ப ஏன்டி ஒருத்தர்கிட்டகூடச் சொல்லல? பெரியப்பா மகன் அவ்வளவு பேசினானே, அவன் வாயை அடைச்சிருக்கலாம்ல?" "எதுக்கு? அப்பாவுக்குச் செய்ததெல்லாம் நீ. எட்டு மாசம் நீ செய்தது போயி, அந்த ஒரு வார்த்தை மட்டும் ஊர் வாயில நிக்கும். அதான் எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல." பிறகு தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னாள்: "அன்னைக்கு நான் வந்தேன்க்கா. அத்தான் போன் போட்ட உடனே பஸ் ஏறிட்டேன். உள்ள வந்தா நீ வெளிய போயிருவன்னு பயம். நீ போயிட்டா அப்பாகிட்ட யாரு இருப்பா? அதான் தெரு முக்குல ரேஷன் கடையில பொங்கலுக்கு அரிசி போடுற வரிசை நின்னுச்சுல்லா, அதுல போய் நின்னுக்கிட்டேன், முக்காடு போட்டுக்கிட்டு. மத்தியானத்துல இருந்து நாலு மணி வரைக்கும். என் முறை வரும், பின்னால போயி திரும்ப நிப்பேன். அப்பா அந்த வழியாத்தானே போகணும். என்னைத் தாண்டித்தான் போனாரு. நல்லாப் பார்த்துட்டேன்."

ஞானதிரவியம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செண்பகவல்லி பக்கத்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள், இல்லை, விழுந்தாள் என்றுதான் சொல்லவேண்டும், உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு, பள்ளிக்கூடம் என்றும் பார்க்காமல், சத்தம் போட்டு அழுதாள். பாடையோடு தெரு முக்கு வரைக்கும் அவளும் நடந்து வந்தாளே, அந்த வரிசையைப் பார்த்தாளே, இவ்வளவு கூட்டமா என்றுகூட நினைத்தாளே. வெளியே பெல் அடித்தது, பிள்ளைகள் ஹோவென்று மைதானத்துக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. கோமதி அக்காவின் தோளைத் தொட்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தாம்பாளத்தை ரெண்டு கையாலும் அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எந்திரிக்கா. முதல்ல இதை வாங்கு. அழுகைய அப்புறம் வச்சுக்கிடுவோம், நானும் சேர்ந்து அழுவேன். ராகு காலம் வரப்போகுது, இன்னும் எழுநூறு வீடு கிடக்கு."